அருவியைத் தவிர எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?

வைகாசி கடைசியில் மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் போதும், தென்காசியில் குடியிருக்கிற எங்களுக்கு எங்கிருந்துதான் இத்தனை உறவுக்காரர்கள் முளைப்பார்களோ தெரியாது! "மதினி, குற்றாலத்தில தண்ணி விழுதா?" என்று ஒரு போன் வரும். மறுநாள் பொழுது விடிந்தால் வாசலில் வேன் நிற்கும். பன்னிரண்டு பேருக்கு இட்லி, மத்தியானத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம், ராத்திரிக்கு அருவியிலிருந்து பசியோடு திரும்புகிறவர்களுக்குச் சுடச்சுட தோசை. போதாக்குறைக்கு வீடு முழுக்க ஈரத்துணி. சாரல் காலத்தில் அது லேசில் காயுமா? குறை சொல்லவில்லை, விருந்தாளி வராத வீடும் ஒரு வீடா? ஆனால் திருமணமாகி இந்த ஊருக்கு வந்த 22 வருஷத்தில், வந்தவர்களில் யாரும் அருவியைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை.

2025 ஜூனில், கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் மூத்தவள் நான்கு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளைகள். சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். இரண்டு நாள் அருவியில் ஆட்டம், பிரானூர் பார்டரில் பரோட்டா, எல்லாம் ஆனது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் கேட்டாள்: "ஏய், உங்க ஊர்ல ஃபால்ஸ் தவிர வேற என்ன இருக்கு?"

என் மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்ல. பழைய ஊரு, பழைய வீடு. அவ்வளவுதான்."

அடுப்படியில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தின நாள் ராத்திரிதான் சென்னையிலிருந்து என் கொழுந்தனார் போன் செய்திருந்தார். "அண்ணே, அந்தப் பழைய வீட்டை வச்சிக்கிட்டு என்ன செய்ய? ஓடு ஒழுகுது, கைமரம் இத்துப்போச்சு. லாட்ஜ் கட்ட ஆள் கேக்குது. நல்ல விலை. ஞாயித்துக்கிழமை வாரேன், பேசி முடிச்சிருவோம்" என்றாராம். என் வீட்டுக்காரர் 'உம்' கொட்டிவிட்டு வந்து படுத்துவிட்டார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் என் மாமியாரும் தூங்கவில்லை. 76 வயதிலும் அவர்களுக்குக் காது மட்டும் கூர்மை!

பிள்ளைகள் எழுந்து போனதும் அத்தை மெதுவாக வந்து, "ஏட்டி, ஊரைப் பாக்க வந்த பிள்ளையளுக்கு ஊரைக் காட்டாம அனுப்புதியே, நல்லாவா இருக்கு? இன்னைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. நானும் வாரேன்" என்றார்கள்.

நான் எதைக் காட்டுவேன்? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி. நல்லவேளையாக எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். "ஐயா, கொஞ்சம் வந்து சொல்லித் தர முடியுமா?" என்று கேட்டேன். மனிதர் இதற்காகவே காத்திருந்தவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்ததும் அந்தப் பிள்ளைகள் "ஆ!" என்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களில் யாராவது வந்திருந்தால் தெரியும், அந்த வாசலில் எப்போதும் ஒரு காற்று. சாரல் காலத்தில் ஆளையே தள்ளும். ஆசிரியர் சொன்னார்: "மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது அல்லவா? செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் அந்தச் சுவரில் ஒரு வாசல் இருக்கு. கேரளத்து மழைக்காற்று அந்த வாசல் வழியா இங்கே நுழையுது. அதுதான் சாரல், அதுதான் இந்தக் காற்று." 22 வருஷமாக இந்தக் காற்றில் வடகம் காயப் போட்டு, பறந்துபோவதைத் துரத்திப் பிடித்தவள் நான். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை!

பிறகு கதை சொன்னார். 1311-இல் வடக்கேயிருந்து மாலிக் காபூர் படை மதுரைக்கு வந்தது. அந்த நூற்றாண்டிலேயே மதுரை பாண்டியர் கையைவிட்டுப் போனது. வீட்டை இழந்த குடும்பம் மாதிரி அவர்கள் தெற்கே ஒதுங்கி வந்தார்கள். அந்த வழியில் வந்தவர் பராக்கிரம பாண்டியர். தெற்கத்தி மக்கள் காசிக்கு நடந்து போகிறார்கள். பாதிப் பேர் போய்ச் சேரும் முன்பே வழியில் இறந்துபோகிறார்கள். அரசர் கனவில் சிவன் வந்து, "எறும்பு ஊர்ந்து போகும் வழியே போ, அது முடிகிற இடத்தில் எனக்குக் கோயில் கட்டு" என்றாராம். எறும்புச் சாரி சிற்றாற்றங்கரையில் ஒரு செண்பகவனத்தில் போய் நின்றது. அந்த இடமே தெற்கே ஒரு காசி, தென்காசி. இது தலபுராணக் கதை.

வரலாறு என்ன சொல்கிறது? 1446-இல் கோயில் வேலை தொடங்கியது. 1457-இல் கோபுர வேலையை ஆரம்பித்தார்கள். கோபுரம் முழுசாக எழும்புவதற்குள் பராக்கிரமர் காலமாகிவிட்டார். தம்பி குலசேகர பாண்டியர் அண்ணன் விட்ட வேலையைத் தொடர்ந்து முடித்தார். 'தம்பி' என்றதும் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் தூணில் செதுக்கியிருந்த வீரபத்திரரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் தூண்களைத்தான் சொல்ல வேண்டும்! ரதி, மன்மதன், காளி, தாண்டவ மூர்த்தி... நகத்தையும் நகையையும்கூட விடாமல் ஒரே கல்லில் கடைந்திருக்கிறார்கள்.

உலகம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோதுதான் ஆசிரியர் அந்த விஷயத்தைச் சொன்னார். பராக்கிரம பாண்டியர் கல்வெட்டில் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறாராம். "இந்தக் கோயில் காலத்தினால் ஒரு நாள் பழுதுபடும். அப்போது அதைச் சரி செய்து காக்கப்போகிறவர் எவராயிருந்தாலும், அவர் காலில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன்" என்பது அதன் பொருள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாருங்கள், ஓர் அரசர்! "நான் கட்டியது, என்றென்றைக்கும் நிற்கும்" என்று பெருமை பேசவில்லை. "இடித்தவனுக்குத் தண்டனை" என்றுகூட அந்த இடத்தில் மிரட்டவில்லை. இது இடிந்துபோகும் என்று தெரிந்தே, இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் காலில் விழுகிறார்.

அவர் பயந்தது நடந்தது. கோபுரம் சிதைந்து, நடுவே பிளந்து, பல தலைமுறைக்கு மொட்டையாகவே நின்றது. அத்தை கல்யாணமாகி வந்தபோதும் அப்படித்தானாம். "மேலே செடியும் புறாவுமா கிடக்கும். அந்தப் பக்கம் போகவே பயமா இருக்கும்" என்றார்கள். ஊர்க்காரர்களும் கொடையாளிகளும் சேர்ந்து, தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று, ஒன்பது நிலையில், 175 அடிக்கும் மேலே புதிதாகக் கோபுரம் எழுப்பி, 1990 ஜூனில் கும்பாபிஷேகம் செய்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தபோது நாங்கள் மாடியில் நின்று பார்த்தோம்.

"அப்போ அந்த ராசா யார் கால்ல விழுந்தாரு, ஆச்சி? கோபுரம் கட்டினவங்க கால்லயா?" என்று கேட்டாள் என் மகள்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "என் கால்லயும் விழுந்திருக்காருட்டி! அப்பளம் போட்டு வித்த காசுல 101 ரூவா குடுத்தேன். உங்க தாத்தாவுக்கே தெரியாது. ரசீது டிரங்குப் பெட்டியில கிடக்கு."

பிள்ளைகள் ஐந்து பேரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மறுபடி அத்தையைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்த எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். நாம் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோமே வெற்றிவேற்கை, அதை எழுதியவர் அதிவீரராம பாண்டியர், 16-ஆம் நூற்றாண்டில் இதே தென்காசியிலிருந்து ஆண்டவர். நைடதம் என்று நளன் கதையைப் பாடியதும் அவரே. மதுரை போனாலும் தமிழ் போகவில்லை! தலையை ஆட்டி ஆட்டி அதை ஒப்பித்த காலத்தில், அதை எழுதினவர் ஊருக்கே மருமகளாக வரப்போகிறேன் என்று யார் கண்டது?

மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் குற்றாலம். இந்தத் தடவை என் திட்டப்படிதான்! கூட்டம் வரும் முன்பே குளியல், அப்புறம் கோயில், அப்புறம்தான் கடைவீதி. போகிற சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை: முந்தின நாளே நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போனால் அருவிக் குளியல் சுகமோ சுகம். கைக்குழந்தையைப் பேரருவிக்கு நேர் கீழே கொண்டுபோகாதீர்கள். ஓரத்துச் சிதறலே அதற்குப் போதும். மாற்றுத் துணியோடு ஒரு காய்ந்த துண்டும், பிளாஸ்கில் சுக்குக் காப்பியும் அவசியம். முக்கியமாக, தண்ணீர் நிறம் மாறிக் கலங்கலாக வந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் குழந்தைகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஓர் இளம் உயிர் போனது. மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது.

பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவில் அமைந்தது என்பார்கள். ஆயிரக்கணக்கில் குளிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் வந்து குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், தலமரமான குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடினார். மரத்துக்கென்று ஒரு பதிகம்! அம்மன் பெயர் குழல்வாய்மொழி. புல்லாங்குழல் போலப் பேசுகிறவள் என்று அர்த்தம். "எங்க ஹாஸ்டல் வார்டனுக்கு இந்தப் பேரை வைக்கணும்" என்று ஒருத்தி முணுமுணுக்க, எல்லாம் கொல்லென்று சிரித்தன. அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்தியதில் பெருமாள் சிவலிங்கமானார் என்பது ஐதீகம். அந்தத் தலைவலி தீர இன்றும் சுவாமிக்கு மூலிகைத் தைல அபிஷேகம் நடக்கிறது. அந்தத் தைலத்தைப் பிரசாதமாகத் தருவார்கள். தலைவலிக்கு நல்லது என்று அத்தை ஒரு சின்ன சீசா எப்போதும் வைத்திருப்பார்கள்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளிச் சித்திரசபை. நடராசர் ஆடின ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். எங்கள் குற்றாலத்தில் சித்திரம்! இங்கே நடராசர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச் சுவர் முழுக்கப் புராணக் கதைகள். மழையும் ஈரமும் நிறைந்த ஊரில் சுவர் ஓவியத்தைக் காப்பது எவ்வளவு கஷ்டம்! நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் இரண்டு சாரலுக்குப் பூஞ்சை பிடிப்பதைப் பார்க்கிறோமே. அங்கேயும் யாரோ தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டதால்தானே அந்த நிறங்கள் இன்னும் இருக்கின்றன?

குறவஞ்சி பிறந்த மலையும் இதுதான். பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்கு, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுரை நாயக்க மன்னர் நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்கே 'குறவஞ்சி மேடு' என்று பெயர். சென்னைக் கலாட்சேத்திரத்தில் ருக்மிணி தேவி முதன்முதலில், 1944-இல், அமைத்த நாட்டிய நாடகம் இந்தக் குறவஞ்சிதான். அதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? குறி சொல்ல வந்த குறத்தி சிங்கி, உயர்குலத்து நாயகி வசந்தவல்லி முன்னால் கூச்சமே இல்லாமல் தன் மலையின் பெருமையை அடுக்குகிறாள். குரங்கு, அருவி, தேன் என்று ஒன்று விடுவதில்லை. "எங்க ஊர்ல ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லவில்லை!

இதை நான் என் மகளிடம் வேண்டுமென்றே சொல்லிக் காட்டவில்லை. ஆசிரியர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டாள், அவ்வளவுதான். முகம் மட்டும் கொஞ்சம் சிவந்தது.

கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவித்து வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு வரலாறு! ஆங்கிலேயக் கம்பெனியார் 1800-ஐ ஒட்டி இங்கே ஜாதிக்காய், கிராம்பு என்று வாசனைச் செடித் தோட்டங்கள் போட்டார்கள். வெயில் தாங்காத துரைமார்களுக்குச் சாரல் காலத்தில் இதுவே இளைப்பாறும் ஊர். பிள்ளைகள் பழம் வாங்கிக்கொண்டார்கள். நான் பிரியாணிக்கு நூறு ஜாதிக்காய் வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். இரண்டே இரண்டு, குழந்தை பெற்ற நாத்தனார் மகளுக்குப் பத்திய மருந்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு மேல்படிப்புக்குப் பணம் வேண்டும், அதுதான் அவசரம். சாப்பாடானதும் அண்ணனும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். இந்த மாதிரிப் பேச்சில் நான் குறுக்கே போனதே கிடையாது. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓடு மாத்தி, இத்துப்போன கைமரத்தை மாத்தினா எவ்வளவு ஆகும்னு கொத்தனார்கிட்ட கேட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. "முன்பக்கம் மட்டும் எண்பதாயிரம் சொல்லுதாரு. என் சீட்டுப் பணம் நாப்பதாயிரம் இருக்கு. வளையல் எடுக்கத்தான் சேத்தேன். அது இருக்கட்டும். அத்தை இருக்கிற வரைக்குமாவது இந்த வீட்டை நிறுத்தி வைப்போம். உங்க பங்கை இல்லைன்னு சொல்லல. கொஞ்சம் கொஞ்சமா அவுகளால முடிஞ்சதைக் குடுப்பாக."

யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து அத்தை ஒரு தாளைக் கொண்டுவந்து சின்ன மகன் மடியில் வைத்தார்கள். மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகிப்போன 101 ரூபாய் ரசீது. என் மகள் அதற்குக் கதை சொன்னாள். பராக்கிரம பாண்டியர், கல்வெட்டு, எல்லாவற்றையும். நான் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கொழுந்தனார் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு வருஷம் பாப்போம் மதினி" என்றார். அவ்வளவுதான். ஓடு மாற்றப் பத்தாயிரம் அவரும் அனுப்பினார். மீதியை என் வீட்டுக்காரர் புரட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. அவர் பிள்ளையின் படிப்பும் நியாயம்தானே? ஒரு நாள் இந்த வீடு போகலாம். ஆனால் ஆடிச் சாரலில் முன்கட்டு ஒழுகவில்லை. அத்தை கட்டிலை நகர்த்தவில்லை, நான் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கவில்லை. கையில் வளையல் இல்லாதது எனக்குக் குறையாகவே தோன்றவில்லை.

சகோதரிகளே, தினமும் நாம் செய்கிற வேலை என்ன? கிழிந்ததைத் தைப்பதும், ஒழுகுவதை அடைப்பதும், கருகினதைத் தேய்ப்பதும்தானே? யாரும் அதைக் கல்லில் வெட்டி வைக்கப்போவதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். ஏறக்குறைய 570 வருஷத்துக்கு முன் ஓர் அரசர் அப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அடுத்த சாரலுக்குத் தென்காசி வந்தால், அருவிக்குப் போகிற வழியில் கோபுர வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். காற்றும் கிடைக்கும், ஒரு கும்பிடும் கிடைக்கும். அப்படியே உங்கள் ஊர்க் கோயில் வாசலிலும் ஒரு நாள் நின்று பாருங்கள். "எங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, பதில் நம் வாயில் தயாராக இருக்கட்டும்.